கடிகாரம் பழுது பார்க்கக் கற்றோம்



நம் இதழில் வரி, உரிமம், எடைமுத்திரை, சரக்கு விலை ஆகியவற்றைப் பற்றி எழுதுவதே வழக்கம். இம்முறை சற்று விலகி, கைக்கடிகாரம் பழுது பார்க்க நாம் தாமாகவே கற்றுக்கொண்ட கதையை எழுதும்படி சங்க நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். மளிகைக்காரனுக்கும் கடிகாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். படித்து முடித்தபின் சம்பந்தம் உண்டா இல்லையா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நாம் அம்பத்தூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். வயது அறுபத்து நான்கு. படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. வரைதான். தகப்பனார் இங்கே கடை போட்ட காரணம் தொழிற்சாலைகள். 1949-ல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள் கம்பெனி, 1961-ல் ஆவடியில் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலை, பின்னால் வந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் இந்தப் பக்கம் வந்தன. சங்கு ஊதுவதை வைத்துத்தான் ஊரே நடந்தது. ஷிப்ட் முடிகிற நேரத்துக்குக் கடையில் ஆள் நிற்க வேண்டும், சம்பளத் தேதியில் கணக்கு நோட்டு தயாராக இருக்க வேண்டும். அதற்காகவே தகப்பனார் 1974-ல் ஒரு எச்.எம்.டி. ஜனதா கடிகாரம் வாங்கினார். காலையில் ஷட்டரைத் தூக்கும் முன் சாவி கொடுப்பார். சங்கு ஊதும்போது கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

1998-ல் அவர் காலமானார். கடிகாரம் இரும்புப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்து, அங்கேயே நின்றுபோனது.

2020 ஏப்ரல் ஊரடங்கில் மளிகைக் கடைகளுக்கு மதியம் வரைதான் அனுமதி. நாற்பது ஆண்டுகளில் முதல் தடவையாகப் பிற்பகல் முழுவதும் நமக்கு வேலை இல்லை. பெட்டியை ஒழுங்கு செய்தபோது கடிகாரம் கையில் கிடைத்தது. ஊரடங்கு தளர்ந்ததும் ஓ.டி. பஸ் நிலையத்துப் பக்கம் கண்ணாடிப் பெட்டி வைத்து உட்கார்ந்திருந்த பெரியவரைத் தேடிப் போனோம். அந்த இடத்தில் கைபேசி உறை விற்றுக்கொண்டிருந்தார்கள். பெரியவரைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. சரி, நாமே கற்றுப் பார்ப்போம் என்று அன்றுதான் தோன்றியது.

கடிகாரத்துக்குள் நடப்பது என்ன?

சாவி கொடுக்கும் கடிகாரத்தின் வேலை, வியாபாரிக்கு எளிதில் புரியக்கூடியது. மொத்தச் சரக்கைச் சில்லரையாக அளந்து விடும் வேலைதான் அது.

உள்ளே ஒரு வட்டமான டப்பா இருக்கிறது. அதற்குள் நீளமான எஃகுப் பட்டை ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அதுதான் மெயின் ஸ்பிரிங். சாவி கொடுக்கும்போது இதை இறுக்குகிறோம். மூட்டையில் சரக்கு நிரப்புவது போல. மூட்டையை அவிழ்த்துக் கொட்டினால் எல்லாம் ஒரே நிமிடத்தில் தரையில் போய்விடும். அப்படிப் போகாமல், பல்சக்கரங்கள் வரிசையாக நின்று சக்தியை அடுத்தடுத்துக் கடத்துகின்றன. கடைசியில் எஸ்கேப் வீல் என்ற சக்கரம். அதன் பல்லை, நங்கூரம் போன்ற ஒரு சிறு துண்டு தடுத்துத் தடுத்து விடுகிறது. அந்தத் துண்டை ஆட்டி வைப்பது பேலன்ஸ் சக்கரம். அது முடியைப் போன்ற மெல்லிய சுருள் ஒன்றின் உதவியால் இப்படியும் அப்படியும் ஊசலாடுகிறது. அந்தச் சுருளுக்குப் பெயரே ஹேர் ஸ்பிரிங்.

ஜனதா போன்ற கடிகாரத்தில் ஒரு விநாடிக்கு ஐந்து தட்டு. மணிக்கு 18,000. ஒரு நாளைக்கு 4,32,000. நாம் கேட்கும் 'டிக் டிக்' இந்தத் தட்டுதான்.

'17 கல்' என்று டயலில் எழுதியிருப்பதைப் பார்த்து, உள்ளே விலை உயர்ந்த கல் இருப்பதாகச் சிலர் நம்புகிறார்கள். அவை செயற்கை மாணிக்கங்கள். சக்கரத்தின் அச்சு தேயாமல் சுற்ற வேண்டும் என்பதற்காகப் பதிக்கப்பட்டவை. விற்றால் காசு வராது.

மூட்டைக் கணக்கில் நேரம்

கடிகாரம் நாளொன்றுக்கு ஒரு நிமிடம் பின்தங்கினால், 'மோசமான கடிகாரம்' என்கிறோம். வணிகர் கணக்கில் பாருங்கள். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. அதில் 60 விநாடி குறைவு என்பது, 50 கிலோ அரிசி மூட்டையில் ஏறக்குறைய 35 கிராம் குறைவதற்குச் சமம். முப்பது விநாடி என்றால் 17 கிராம். பேட்டரியே இல்லாமல், வெறும் இரும்பும் பித்தளையும் கொண்டு, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதான இயந்திரம் இந்தத் துல்லியத்தைத் தருகிறது.

பேட்டரிக் கடிகாரம் இன்னும் ஒருபடி மேல். அதற்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மாதத்துக்குப் பதினைந்து விநாடி தவறினால், மூட்டைக்குப் பத்துப் பதினைந்து அரிசி மணி குறைந்த மாதிரி. 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீக்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாவி கொடுக்கும் கடிகாரத்துக்கு இறங்குமுகம் அன்றே தொடங்கிவிட்டது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டோடு 1961-ல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யும் தப்பவில்லை. அதன் கடிகாரப் பிரிவை மூட 2016-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது.

தேவையான கருவிகள்

கற்க விரும்புவோர் முதலில் வாங்க வேண்டியவை குறைவுதான். கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி ஒன்று, சிறிய ஸ்குரூடிரைவர் செட் ஒன்று, கூர்மையான ட்வீசர் ஒன்று, பின்மூடி திறக்கும் கருவி, முள் எடுக்கும் கருவி, காற்று அடிக்கும் ரப்பர் குமிழ், இவை போதும். மலிவான ட்வீசர் வேண்டாம். நுனி ஒன்றோடொன்று சரியாகச் சேராது, பிடித்த திருகு தெறித்துப் போகும்.

திருகுகளின் அளவை நம் சரக்கிலேயே சொல்லலாம். பெரிய திருகு கடுகு அளவு. சின்னது கசகசா அளவு. தரையில் விழுந்தால் கிடைப்பது கடினம். ஆகவே மேசைமேல் வெள்ளைத் துணி, மேசைக்குக் கீழே தரையில் பழைய வேட்டி விரித்துக்கொள்ள வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். சித்திரை, வைகாசிப் பிற்பகலில் விசிறி இல்லாமல் ஒரு மணி நேரம் உட்காருவதே இந்தக் கலையின் முதல் பரீட்சை. வியர்த்த விரல் பட்ட இடத்தில் துரு பிடிக்கும். எனவே விரலுக்கு ரப்பர் உறை போட்டுக்கொள்வது நல்லது.

எண்ணெய் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. தையல் இயந்திர எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கூடாது. அவை பரவி, நாளடைவில் பிசினாகும். கடிகாரத்துக்கென்று தனி எண்ணெய் இருக்கிறது. அதையும் ஊசி முனையில் எடுத்து, கல் குழிக்கு மட்டும் விட வேண்டும். ஹேர் ஸ்பிரிங்கில் எண்ணெய் படவே கூடாது. பட்டால் சுருள்கள் ஒட்டிக்கொண்டு கடிகாரம் தறிகெட்டு வேகமாக ஓடும். காந்தம் ஏறினாலும் இதே கதைதான். ஸ்பீக்கர் பெட்டியின்மேல் கடிகாரத்தைக் கழற்றி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்கவும்.

பிரிக்கும் முறை

முதல் விதி, ஸ்பிரிங்கில் உள்ள இறுக்கத்தைத் தளர்த்துவது. சாவியை விரலால் பிடித்துக்கொண்டு, தடுப்புக் கொக்கியை விலக்கி, மெல்ல மெல்ல அவிழ விட வேண்டும். இதைச் செய்யாமல் உள்ளே கை வைத்தால், சக்கரங்கள் ஒரே மூச்சில் சுழன்று பல் உடையும்.

பிறகு சாவித் தண்டைக் கழற்றி, முள்களையும் டயலையும் எடுக்க வேண்டும். அடுத்து பேலன்ஸ் சக்கரம், அதன்பின் நங்கூரத் துண்டு, கடைசியில் பல்சக்கரங்கள். ஒவ்வொரு படியிலும் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் திருகு எங்கே இருந்தது என்பதை ஞாபகத்தை நம்பி விடக்கூடாது. நாம் பழைய அஞ்சறைப்பெட்டி ஒன்றை இதற்கு வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு பகுதியின் திருகு. மாட்டும்போது அதே வரிசையைத் திருப்பிப் போட்டால் போதும்.

மிகப் பழைய கடிகாரங்களில் இன்னொரு ஆபத்து உண்டு. இருட்டில் ஒளிரும் எதையும் 'ரேடியம்' என்று சொல்வது நம் ஊர் வழக்கம். அக்காலக் கடிகாரங்கள் சிலவற்றின் முள்ளிலும் எண்ணிலும் உண்மையிலேயே ரேடியம் பூசினார்கள். அந்தப் பூச்சைச் சுரண்டக்கூடாது, தூளை மூச்சில் இழுக்கக்கூடாது. அப்படிப்பட்ட கடிகாரத்தைத் திறக்காமல் விடுவதே மேல்.

மூர் மார்க்கெட் பக்கம் எடுத்த ஓடாத கடிகாரங்கள் ஐந்தை வைத்துப் பழகினோம். முதல் இரண்டும் குப்பைக்குப் போயின. மூன்றாவது, ஏறக்குறைய நாற்பது மாலைகளுக்குப் பிறகு, நம் உள்ளங்கையில் ஓடத் தொடங்கியது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினோம். பேரன் மட்டும், 'மணி தப்பாக் காட்டுதே தாத்தா' என்றான்.

நாம் செய்த தவறு

அந்த மூன்றாவது கடிகாரம்தான் நமக்குத் தலைக்கனத்தைக் கொடுத்தது. சங்கத்தில் பேச்சு பரவியது. பூந்தமல்லியில் அரிசி வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர், கல்யாணத்துக்குப் போட்ட கடிகாரம் என்று ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நாமும் வாங்கி வைத்துக்கொண்டோம். அரை வைத்தியனிடம் உடம்பைக் கொடுத்தது போலாயிற்று.

பேலன்ஸ் சக்கரத்தைத் தூக்கும்போது ட்வீசர் நழுவி, ஹேர் ஸ்பிரிங் நசுங்கியது. சரி செய்கிறேன் என்று நிமிர்த்தப் போய், இன்னும் கோணலாக்கினோம். மூன்று நாள் அவருக்குத் தொலைபேசியில் பதில் சொல்லாமல் இருந்தோம். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. கடன் சரக்கு வாங்கிவிட்டுத் தலைமறைவாகிற ஆளைப் பற்றி எவ்வளவு பேசியிருப்போம்!

நான்காம் நாள் நேரில் போய் உள்ளதைச் சொன்னோம். 'ஓடாத வாட்ச்தானே, விடுங்க அண்ணாச்சி' என்றார் நண்பர். பக்கத்தில் நின்ற அவர் மனைவி கடிகாரத்தை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அது அந்த அம்மாளின் தகப்பனார் மாப்பிள்ளைக்குப் போட்டது என்று பிறகுதான் தெரிந்தது.

அதே மாடலில் இன்னொரு பழைய கடிகாரத்தைத் தேடிப் பிடித்து, அதிலிருந்த பாகத்தை ஆவடியில் தொழில் செய்யும் ஒருவரிடம் கொடுத்துப் பொருத்தி வாங்கித் தந்தோம். இப்போது ஓடுகிறது. ஆனால் அதற்குள் இருக்கும் ஒரு பாகம் அந்த அம்மாளின் தகப்பனார் கொடுத்தது அல்ல. அதையும் அவர்களிடம் சொல்லித்தான் கொடுத்தோம். அன்று முதல் அடுத்தவர் கடிகாரத்தை நாம் தொடுவதில்லை.

தாமே கற்றவர்கள்

இதனால் தானாகக் கற்பதே தவறு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கடிகார வரலாற்றில் பெரிய பெயர்களில் ஒன்றான ஜான் ஹாரிசன், இங்கிலாந்தில் 1693-ல் பிறந்த தச்சர். கடிகாரத் தொழிலை யாரிடமும் முறைப்படி பயின்றவர் அல்ல. நடுக்கடலில் கப்பல் இருக்குமிடம் தெரிய வேண்டுமானால் துல்லியமான கடிகாரம் தேவைப்பட்டது. அவர் 1759-ல் செய்து முடித்த நான்காவது கடிகாரத்தை 1761-ல் ஜமைக்காவுக்குக் கப்பலில் அனுப்பினார்கள். 81 நாளில் அது தவறியது ஏறக்குறைய ஐந்து விநாடி. நம் மூட்டைக் கணக்கில் இரண்டே அரிசி மணி! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதல் கடல் கடிகாரத்திலிருந்து நான்காவது வரை வருவதற்கு அவருக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டு ஆயிற்று.

நம் மாநிலத்திலும் எடுத்துக்காட்டு உண்டு. 1984-ல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. ஓசூரில் தொழிற்சாலை. கடிகாரத்தின் உட்பக்கத்தையே பார்த்திராத, அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பரம்பரை பரம்பரையாக வந்தால்தான் இந்தத் தொழில் வரும் என்பதில்லை. பதறாத கையும், தவறிப் பழக நேரமும் வேண்டும்.

பேட்டரி விற்கும் கடைக்காரர்களுக்கு

நம்மில் பலர் கல்லா அருகில் பொத்தான் பேட்டரி அட்டையைத் தொங்கவிட்டு விற்கிறோம். கற்றதில் அவர்களுக்குப் பயன்படுவதைச் சொல்லிவிடுகிறோம்.

ஒன்று: ஒரே அளவில் இரண்டு ரகம் வரும். எஸ்.ஆர். என்று தொடங்குவது சில்வர் ஆக்சைடு, 1.55 வோல்ட். எல்.ஆர். அல்லது ஏ.ஜி. என்று தொடங்குவது ஆல்கலைன், 1.5 வோல்ட், விலை குறைவு. கைக்கடிகாரத்துக்கு எஸ்.ஆர். ரகமே ஏற்றது. ஆல்கலைன் கசிந்து உள்பாகத்தை அரிக்கும் வாய்ப்பு அதிகம். வாடிக்கையாளர் கேட்டால் வித்தியாசத்தைச் சொல்லி விற்போம்.

இரண்டு: தீர்ந்த பேட்டரியைக் கடிகாரத்துக்குள் விட்டுவைக்கக்கூடாது. நின்ற உடனே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

மூன்று, இதுதான் முக்கியம்: பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. குறிப்பாக சி.ஆர். 2032 போன்ற 20 மில்லிமீட்டர் லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். வெளியே வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மிட்டாய் பாட்டில் பக்கத்தில் இந்த அட்டையைத் தொங்கவிடாதீர்கள். குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். உதிரியாக விற்கவும் வேண்டாம்.

தகப்பனார் கடிகாரம்

கடைசியில், இரண்டு ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகு, அந்த ஜனதாவைத் திறந்தோம். மெயின் ஸ்பிரிங் உடைந்திருந்தது. புதியது போட்டோம். சக்கரங்களைச் சுத்தம் செய்து, கல் குழிகளுக்கு எண்ணெய் விட்டோம். ஹேர் ஸ்பிரிங்கில் மட்டும் ஓரிடத்தில் துருப்புள்ளி தெரிந்தது. ட்வீசரை எடுத்தோம். பூந்தமல்லி ஞாபகம் வந்தது. கீழே வைத்துவிட்டோம்.

பேலன்ஸ் சக்கரத்தைச் சிறு டப்பாவில் பத்திரப்படுத்தி, ஆவடிக்காரரிடம் கொண்டுபோனோம். அவர் பத்து நிமிடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். மறுநாள் வரச் சொன்னார். வேலை முடிந்து நானூறு ரூபாய் கேட்டார். பழக்கதோஷம், 'முந்நூறு வெச்சுக்கலாமா' என்று வாய்வரை வந்துவிட்டது. அந்தச் சுருளைத் தொட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்த கை, பேசாமல் நானூறை எடுத்துக் கொடுத்தது. கற்றுக்கொண்டதால் நமக்குப் பணம் எதுவும் மிச்சமாகவில்லை. செய்கிறவனின் கூலி எதற்கு என்பது மட்டும் தெரிந்தது. இப்போது மூட்டை தூக்குகிறவரிடமும், தராசு பழுது பார்க்க வருகிறவரிடமும் பேரம் பேசும்போது வாய் சற்றுத் தயங்குகிறது.

அவரிடம் தொழில் கற்க ஆள் இல்லை. மகன் வேறு வேலைக்குப் போய்விட்டார். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பெரியவர்களின் கடிகாரம் ஒன்று நின்றுபோய்க் கிடக்கலாம். நமக்கே கற்றுக்கொள்ள ஆசை என்றால் குப்பைக் கடிகாரத்தில் தொடங்குங்கள். இல்லையென்றால், உங்கள் பகுதியில் பழுது பார்ப்பவர் இன்னும் உட்கார்ந்திருக்கும்போதே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

தகப்பனார் கடிகாரம் நாளொன்றுக்கு முப்பது விநாடி பின்தங்குகிறது. மூட்டைக்குப் பதினேழு கிராம். காலையில் ஷட்டரைத் தூக்கும் முன் சாவி கொடுத்து, அந்த முப்பது விநாடியைச் சரி செய்துவிட்டுத்தான் கடை திறக்கிறோம்.